அவருடைய வலது, நமக்கு இடது

எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. நோயாளி நமக்கு எதிரே, நம் முகம் பார்த்து நிற்பதுபோல மாட்ட வேண்டும். அவருடைய வலது நமக்கு இடது. அவருடைய இதயம் நம் வலக்கைப் பக்கம் சாய்ந்து தெரியும். எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். இத்தனைக்கும் நெஞ்சுப் படம் எடுக்கும்போது ஆள் முதுகைக் காட்டித்தான் நிற்கிறார். மோவாயைத் தூக்கி, மார்பைப் பலகையில் அழுத்தி, தோள்களை முன்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்கிறார். கதிர் முதுகு வழியாகப் போய் முன்னால் இருக்கும் பிலிமில் விழுகிறது. எடுக்கும்போது முதுகு காட்டியவரை, படிக்கும்போது திருப்பி நிறுத்துகிறோம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் சொல்லித்தந்தேன். ஏன் திருப்புகிறோம் என்று நான் யோசித்தது ரொம்பப் பின்னால்தான்.

நான் வடசென்னைக் கல்மண்டபத்துப் பையன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதுவார். எங்கள் தெருவில் விடியற்காலையில் முதலில் கேட்பது இருமல். மீன் கூடையோடு காசிமேட்டிலிருந்து வருகிற அம்மாக்களின் குரல் அதற்குப் பிறகுதான். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்டுகொண்டிருந்த காலம் அது. திண்ணையை எத்தனை முறை துடைத்தாலும் துணி கறுப்பாகவே வரும். வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2011-இல்தான் அது நின்றது. அதற்குள் நிலக்கரி எத்தனையோ பேருடைய நெஞ்சில் இறங்கிவிட்டிருந்தது.

யாருக்காவது இருமலில் ரத்தம் வந்தால், "கஞ்சித்தொட்டிக்கு அழைச்சிட்டுப் போ" என்பாள் அம்மா. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கடைசிவரை அவள் அந்தப் பெயரால்தான் சொன்னாள். 1780-களில் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் ஞாபகம் அந்தப் பெயரில் இருக்கிறது. 1938-இல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்து, முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரும் வந்தது. ஏழைக்கு ஊற்றிய கஞ்சியைத்தான் ஜனங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதே ஸ்டான்லி ஆளுநராக இருந்த 1934-இல்தான் சென்ட்ரலுக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியக்க நிலையம் எழுந்தது. கேப்டன் பர்னார்டு என்ற ஆங்கிலேயரின் பெயர் அதற்கு. நோயைக் கண்டுபிடிக்கிற கதிரும், புற்றைச் சுடுகிற கதிரும் அப்போது ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்பவர் தற்செயலாகக் கண்ட ஒரு ஒளி, 40 வருஷத்துக்குள் சென்னையில் தனக்கென ஒரு நிலையத்தையே கட்டிக்கொண்டது. ராண்ட்ஜன் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எங்கள் தெரு இருமலுக்கு எக்ஸ்ரே எப்போது வந்திருக்குமோ.

இந்தப் படிப்பைப் பற்றி வெளியே இருக்கும் எண்ணம் வேறு. பட்டமேற்படிப்புக் கலந்தாய்வில் நல்ல ரேங்க் வாங்கியவர்கள் ஓடி வந்து எடுக்கிற இடம், ஏ.சி. அறை, நோயாளி தொந்தரவு இல்லை, வெளியே போனால் கைநிறையக் காசு. எம்.பி.பி.எஸ். பயிற்சி ஆண்டோடு சேர்த்து ஐந்தரை, எம்.டி. மூன்று என்று எட்டரை வருஷம் ஆகும். மூளைக்கென்றோ, ரத்தக் குழாய் வழியாகச் செய்யும் சிகிச்சைக்கென்றோ டி.எம். படிக்கப் போனால் இன்னொரு மூன்று. அதற்குப் பிறகும் ஆசிரியராக நிற்கிறவர் சிலர்தான்.

முதல் வருஷம் பாதி இயற்பியல். கதிர் எப்படிப் பிறக்கிறது, எலும்பில் ஏன் நிற்கிறது, நுரையீரலில் ஏன் நிற்காமல் ஓடுகிறது. சி.டி. ஸ்கேன் பாடம் வரும்போது ஜி.என். ராமச்சந்திரன் பெயரைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. கிண்டி வளாகத்தில் பல வருஷம் பேராசிரியராக இருந்து, கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைக் கண்டவர் அவர். 1971-இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கணக்கு எழுதினார். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதன் உருவத்தைத் திரும்பக் கட்டுவது எப்படி என்ற கணக்கு. லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி.யில் வைத்ததும் அதே 1971-இல்தான். 'ராம்-லாக்' என்று அவர்கள் இருவர் பெயரையும் சுருக்கிச் சொல்கிற வடிகட்டி இன்று உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கோணத்து நிழல் போதாது, பல கோணம் வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் உயிர். கணக்காக எனக்கு அது அப்போதே புரிந்தது. வாழ்க்கையாகப் புரிய நாளானது.

பிறகு நலமான படங்கள். நோயைப் பார்க்கும் முன் நோயில்லாத நெஞ்சை ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டும். எங்கள் சீஃப் மாலை நாலரை மணிக்குப் படங்களை வரிசையாக மாட்டிவிட்டு, குச்சியால் காட்டமாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "முதல்ல பேரைப் படி. தேதியைப் படி. பக்கம் போட்டிருக்கா பார். அப்புறம் நாலு மூலை. எலும்பு. தோளுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நுரையீரல் நுனி. இதயத்துக்குப் பின்னால. உதரவிதானத்துக்குக் கீழ. எல்லாம் முடிச்சிட்டு நுரையீரலுக்கு வா." கண் எங்கே போக ஆசைப்படுகிறதோ அங்கே கடைசியில் போக வேண்டும் என்பது அவர் கட்டளை. ஊட்டியில் சுற்றிப் பார்க்க வந்தவன் கண் மாதிரி அலையக் கூடாது, பீட் போலீஸ்காரன் மாதிரி தெருத் தெருவாய்ப் போக வேண்டும் என்பார்.

வடசென்னை தனக்கென்று சில பாடங்கள் வைத்திருக்கிறது. தொண்டையில் மீன் முள் சிக்கி ராத்திரி இரண்டு மணிக்கு வருவார்கள். கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுப்போம். எல்லா மீனின் முள்ளும் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் படத்தில் இல்லை என்பதை வைத்து முள் இல்லை என்று எழுதிவிட முடியாது. "என்ன மீன் சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதுதான் முதல் கேள்வி. எம்.ஆர்.ஐ. அறையில் வேறொன்று. அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். லேத்திலும் வெல்டிங்கிலும் வேலை பார்த்தவரின் கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்துகள் அவருக்கே தெரியாமல் தங்கியிருக்கலாம். காந்தத்துக்குள் போனால் அது நகர்ந்து கண்ணைக் கெடுத்துவிடும். திருவொற்றியூர், எண்ணூர் ஆளென்றால், "பட்டறையில வேலை செஞ்சீங்களா? கிரைண்டிங் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டு, சந்தேகமிருந்தால் கண்ணுக்கு முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பார்த்தும் சொல்லக் கூடாத ஒன்றும் இந்தப் படிப்பில் இருக்கிறது. வயிற்றிலிருக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்று ஸ்கேன் செய்கிறவர் வாய் திறக்கக் கூடாது. 1994-இல் வந்த சட்டம் அது. மாமியார்கள் எத்தனை விதமாகக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

இவ்வளவும் கற்று, தேறி, ஆசிரியராகவும் ஆன பிறகு நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1990-களின் தொடக்கம். துறைமுகத்தில் கரி இறக்குகிற இடத்தில் வேலை பார்த்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும். சீட்டில் 'நெஞ்சு எக்ஸ்ரே - இருமல்' என்று மட்டும் எழுதியிருந்தது. அன்று என் மேஜையில் தொண்ணூறு படங்கள். இவர் படத்தை மாட்டினேன். வலது மேல் நுனியில் கோடுகோடாகத் தழும்பு, மேல்நோக்கி இழுபட்ட ரத்தக் குழாய். வடசென்னையில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 'பழைய காசநோயின் தழும்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். சட்டை தோளில் தொங்கியது. புதுப் படத்தில் இதயத்தின் நிழலுக்குள்ளே இன்னொரு நிழல், எலுமிச்சை அளவுக்கு. பழைய படத்தை வரவழைத்து மாட்டினேன். அங்கேயும் அது இருந்தது. சுண்டைக்காய் அளவில், இதயத்துக்குப் பின்னால், சீஃப் தினமும் சொன்ன அதே இடத்தில். தழும்பு கிடைத்ததும் என் கண் வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிட்டது. அதற்கு எங்கள் துறையில் பெயர்கூட உண்டு, நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

அவருடைய மனைவி அறைக்குள் வந்தார். கையில் துணிக்கடை மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே கவரை எடுத்து நீட்டினார். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. வலது மேல் நுனியில் அதே கோடு, அதே தழும்பு, ஒரு நூல்கூட மாறாமல்.

"இது அப்பவே இருந்திச்சு சார். மாத்திரை சாப்ட்டு முடிச்சப்பறம் எடுத்த படம். போன தபாவே எடுத்தாந்தேன். பைய மடியில வெச்சிக்கினு வெளிய குந்திக்கினு இருந்தேன். யாரும் கேக்கல."

குறை சொல்கிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அறுவை செய்கிற கட்டம் தாண்டியிருந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அந்த ராத்திரி நான் எழுதிய ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பழைய காசநோயின் தழும்பு. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தழும்பு இருந்தது, பழையதுதான், காசநோயால் வந்ததுதான். ஆனால் எட்டு வருஷமாக அசையாமல் கிடந்த தழும்பு மூன்று மாதத்து இருமலுக்குக் காரணமாக முடியாது. அந்தப் பழைய படத்தை நான் பார்த்திருந்தால் தழும்பை ஒதுக்கிவிட்டு வேறெங்கே என்று தேடியிருப்பேன். கண்ணில் கோளாறு இல்லை, படிப்பில் குறை இல்லை. கேட்கவில்லை, அதுதான்.

தவறு என்னோடு தொடங்கியதல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. பிறந்த அதே 1949-இல், அமெரிக்காவில் கார்லண்ட் என்ற ரேடியாலஜிஸ்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய் தெரிகிற நெஞ்சுப் படங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தேர்ந்தவர்களே தவறவிடுகிறார்கள் என்றது அது. ஒரே ஆள் ஒரே படத்தை மறுபடி பார்க்கும்போது, ஐந்தில் ஒரு தடவை தான் சொன்னதையே மறுத்தார். அதற்குப் பிறகு எவ்வளவோ கருவிகள் வந்தன. 2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நுரையீரல் சி.டி. படங்களுக்குள் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் செருகி, 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் கட்டியைத் தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. பலருடைய கண் நேரே அதன்மேல் பதிந்து போயிருந்தது. தேடச் சொன்னது கட்டியை. கண்ணும் கட்டியைத்தான் தேடியது.

இதைப் படித்துப் பலர் ஆறுதல் அடைவார்கள். நான் அடையவில்லை. என்னுடையது கண்ணின் பிழை மட்டுமாக இருந்தால் ஆறுதல் இருந்திருக்கும். அந்தப் பை கதவுக்கு வெளியே பத்தடி தூரத்தில் இருந்ததே.

பழைய படத்தோடு புதுப் படத்தை வைத்துப் பார்ப்பதன் பலத்தை உலகத்துக்குக் காட்டியதில் இந்த ஊருக்கும் பங்குண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் குடிசையிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். இடைவெளி விட்டு எடுத்த எக்ஸ்ரேக்களை, யார் எங்கே இருந்தார் என்று அறியாத ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத குடிசையிலும் நோய் அதே அளவுக்கு ஆறியது. 1959-இல் அந்த முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். படம் ஒன்றை மட்டும் வைத்து அதைச் சொல்லியிருக்க முடியாது. முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததும் அதைச் சொல்ல உதவியது.

அந்த மனைவியிடம் அனுமதி வாங்கி, பெயரை மறைத்து, மூன்று படங்களையும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் வாரத்தில் நடுவில் இருக்கும் படத்தை மட்டும் மாட்டுவேன். ஏறக்குறைய எல்லாரும் வலது நுனியைக் காட்டி, "ஓல்ட் டி.பி. சார்" என்பார்கள். சரி என்பேன். "இருமல் எத்தனை நாளா?" என்று கேட்பேன். விழிப்பார்கள். ஒருமுறை ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம், நன்றாகப் படிக்கிறவள், "அது படத்துல இல்லையே சார்" என்றாள்.

"இல்லைதாம்மா. அவர்ட்ட இருக்கு."

பிறகு மற்ற இரண்டையும் மாட்டி, கையெழுத்து என்னுடையது என்றும் சொல்வேன். அறையில் சத்தம் அடங்கிவிடும். தான் சரியாகச் சொன்னதைக் காட்டுகிற ஆசிரியரிடம் பிள்ளைகள் விடையைக் கற்கிறார்கள். தவறவிட்டதைக் காட்டுகிறவரிடம் எப்படிப் பார்ப்பது என்பதைக் கற்கிறார்கள். வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் மாதத்தில் கிடைப்பதைக் கல்லூரியில் பல மாதம் சேர்த்தால்தான் பார்க்க முடியும் என்று தெரிந்தும் சிலர் இங்கே நிற்கிறார்கள் என்றால், இந்தக் கடனைக் கைமாற்றுவதற்காகத்தான்.

படங்களை முகம் பார்க்கத் திருப்பி மாட்டுவது ஏன் என்பது எனக்கு அப்படித்தான் விளங்கியது. படம் என்பது எப்போதும் ஒரு பதில். அதற்குரிய கேள்வி ஆளிடம் இருக்கிறது. எப்போதிருந்து, எந்த வேலை, முன்னால் என்ன வந்தது, பழைய படம் இருக்கிறதா. கேள்வியைத் தெரிந்துகொள்ளாதவன் எழுதுகிற பதில் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தே ஒருவரைக் கொன்றுவிடக் கூடும். எதிரே நின்று பேசுவதற்காகத்தான் நம் முன்னோர் அவரைத் திருப்பி நிறுத்தினார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நிறுத்திவிட்டு, பேசுவதை விட்டுவிட்டோம்.

2016-இல் ஜெஃப்ரி ஹின்டன் என்ற கணினி அறிஞர், ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி தருவதை உடனே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும், பத்தானாலும் ஆகலாம் என்றார். அவர் நினைத்ததுபோல் நடக்கவில்லை, ஆனால் இயந்திரம் வந்துவிட்டது. காசநோய்க்கு நெஞ்சுப் படங்களைச் சலிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. வரட்டும், நல்லது. என் சுண்டைக்காயை அது பிடித்திருக்கும் என்றே நம்புகிறேன். அது பிடித்த பிறகும், மஞ்சள் பையோடு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவை உள்ளே கூப்பிட ஒருவர் எழுந்து போக வேண்டும்.

கல்மண்டபத்தில் இன்றும் பல வீடுகளில் பீரோவுக்கு மேலே, மெத்தைக்கு அடியில் பழைய எக்ஸ்ரே கவர்கள் கிடக்கும். கிரகணம் பார்க்க அவற்றை எடுக்காதீர்கள், கண் போய்விடும். பழைய பேப்பர்காரருக்கும் போடாதீர்கள். மடக்காமல், தேதி தெரிய, ஒரே இடத்தில் வையுங்கள். ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டில் கொடுத்தால் அதையும் வையுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். துறைமுகமா, பட்டறையா, வெல்டிங்கா என்று உங்கள் வேலையைச் சொல்லுங்கள். உள்ளே கூப்பிட்டதும் பையை வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.